இசன்ஹைம் பலிபீட ஓவியம்: ஒரு சமூகவியல் நோக்கு

ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியம் என்றதும் நம்மிற் பெரும்பாலோரின் மனக்கண் முன் எழுவன புளோரன்சும் றோமுமே. 1512ஆம் ஆண்டில் மைக்கலாஞ்சலோ சிஸ்ரைன் தேவாலயத்தின் மேற்கூரை ஓவியங்களை நிறைவு செய்தார். அங்கு மனித உடல் வலிமையின் இலக்கணமாக, தன்னிறைவின் சின்னமாகக் காட்சி தருகின்றது. அவ்வாண்டளவிலேயே அல்ப்ஸ் மலைத்தொடருக்கு வடக்கே, றைன் நதியின் மேற்குப் புறத்துள்ள அல்சாஸ் பிரதேசத்தில், இசன்ஹைம் என்னும் சிற்றூரிலிருந்த ஒரு துறவியர் மடத்துக்காக வேறோர் உடல் வரையப்படலாயிற்று. பச்சை படர்ந்த தோலும், மேனியெங்கும் தைத்த முட்களும், அவை கிளப்பிய புண்களும், வீங்கித் திருகிய பாதங்களும் கொண்ட உடல் அது. இவ்விரண்டும் ஒரே நூற்றாண்டின், ஒரே திருச்சபையின், ஏறத்தாழ ஒரே ஆண்டுகளின் படைப்புக்கள். மறுமலர்ச்சி என்னும் சொல்லை ஒருமையில் வழங்குவது எவ்வளவு தூரம் பொருத்தமானது என்ற வினாவை இவ்வேறுபாடொன்றே எழுப்பப் போதுமானது.

மத்தியாஸ் கிறுனெவால்ட் வரைந்த இப்பலிபீட ஓவியம் பற்றி எழுதியோர் பொதுவாக இரு நெறிப்பட்டுச் சென்றுள்ளனர். ஒரு சாரார் இதனைச் சமய அனுபூதியின் வெளிப்பாடாகக் கொண்டு, புனித பிரிஜித்தாவின் காட்சிகள் முதலாய மத்தியகால நூல்களில் இதற்கு மூலம் தேடினர். மற்றொரு சாரார், குறிப்பாக 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியினர், தனிமனித மேதையொருவனின் ஆன்மக் கொந்தளிப்பாக இதனைப் போற்றினர். இவ்விரு சாராரும் கூறியவற்றிற் கொள்ளத்தக்கன பல உள. ஆயினும் இவ்வோவியம் எங்கிருந்தது, அதனைப் பார்த்தோர் யாவர், அவர்கள் உண்டது யாது என்ற வினாக்களை அவர்கள் போதியளவு முக்கியத்துவத்துடன் எழுப்பினாரல்லர். 'உண்டது யாது' என்னும் வினா ஓவிய ஆய்விற்குப் புறம்பானதெனத் தோன்றலாம். இசன்ஹைமைப் பொறுத்தவரையில் அதுவே முதல் வினா என்பது நமது துணிபு.

முதலிற் பொருளின் அமைப்பை நோக்குவோம். பலிபீட ஓவியம் என்பது சுவரில் மாட்டப்படும் ஒற்றைப் படமன்று. பீடத்தின் மேல் நிறுத்தப்பட்டு, கதவுகள்போலத் திறந்து மூடத்தக்க பலகைகளால் ஆனது. இசன்ஹைம் பீடத்தின் உள்ளகம் முதலில் மரச் சிற்பங்களாகவே செய்யப்பட்டது. ஹாகனவ் ஊரைச் சேர்ந்த நிக்கொலாஸ் என்னும் சிற்பி 1490ஆம் ஆண்டளவில் அவற்றைச் செதுக்கினார். அப்பொழுது மடத்தலைவராயிருந்தவர் ஷான் தொர்லியே. அவருக்குப் பின்வந்த குயிதோ குவேர்சியின் காலத்தில், 1512க்கும் 1516க்கும் இடையில், கிறுனெவால்ட் லிண்டன் மரப் பலகைகளிற் பக்கக் காட்சிகளை வரைந்தார். மூடிய நிலையிற் காணப்படுவது சிலுவைக் காட்சி. அதன் இரு மருங்கும் செபஸ்தியாரும் அந்தோனியாரும் நிற்கின்றனர். கீழே அடிப்பலகையில் இறந்த கிறிஸ்துவின் உடல் கிடத்தப்பட்டுள்ளது. முதன்முறை திறந்தால் மங்கள வார்த்தை அறிவிப்பு, வானதூதரின் இசை, மரியாளும் குழந்தையும், உயிர்த்தெழுதல் ஆகிய காட்சிகள் ஒளிமயமாக விரிகின்றன. மேலும் திறந்தால் நிக்கொலாசின் பொன்பூசிய சிற்பங்களும், அவற்றின் இரு பக்கத்தும் அந்தோனியாரின் வாழ்க்கைக் காட்சிகள் இரண்டும் தோன்றுகின்றன. சாதாரண நாட்களிற் பீடம் மூடியே இருந்தது, திருநாட்களிலேயே திறக்கப்பட்டது. எனவே நாளாந்தம் மக்கள் கண்டது சிலுவையையே. ஒளியும் பொன்னும் ஆண்டின் சில நாட்களுக்கு மட்டும் உரியனவாயின.

இங்குக் குறிப்பிடப்படும் அந்தோனியார் கொச்சிக்கடை ஆலயத்தினால் நம்மவர் நன்கறிந்த பதுவை நகரத்து அந்தோனியார் அல்லர். அவருக்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகள் முற்பட்டவரும், எகிப்தின் பாலைவனத்தில் தவமியற்றியவரும், தமிழ்க் கத்தோலிக்க மரபில் வனத்து அந்தோனியார் என வழங்கப்படுபவருமாகிய துறவியே இவர். இவர் பெயரால் 11ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரான்சின் தொஃபினே பகுதியில் ஒரு சபை தோன்றியது. அச்சபையின் சிறப்புப் பணி ஒரு குறிப்பிட்ட நோயினைப் பராமரித்தலாகும். மக்கள் அதனை 'அந்தோனியார் தீ' என்றழைத்தனர். கைகால்களில் நெருப்பிலிட்டாற்போன்ற எரிவு தோன்றும். பின்னர் அவை கருகி, உணர்விழந்து, சில வேளைகளில் உடலினின்றும் தாமே கழன்று விழும். வேறு சிலருக்கு வலிப்பும் மனமயக்கமும் உண்டாகும். இசன்ஹைம் மடம் இச்சபைக்குரியது. அங்கிருந்த வைத்தியசாலைக்கு வந்தவர்களே நமது ஓவியத்தின் முதற் பார்வையாளர்கள்.

இந்நோய்க்குக் காரணம் யாது? றை என்னும் தானியக் கதிரிற் படரும் ஒருவகைப் பூஞ்சணமே காரணம் என்பது இன்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஏர்கொட் எனப்படும் அது கதிரின் மணிகளுக்கிடையே கருநிறக் கொம்புபோல நீண்டு வளரும். அதிலுள்ள நச்சுப் பொருள்கள் இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்வதால் அவயவங்கள் குருதியின்றி அழுகுகின்றன. 17ஆம் நூற்றாண்டிற் பிரெஞ்சு வைத்தியர்கள் இத்தொடர்பினைக் கண்டு சொல்லும்வரை ஐரோப்பா இதனை இறைவனின் தண்டனையாகவோ துறவியின் கோபமாகவோதான் விளங்கிக்கொண்டது.

இங்கே நாம் சற்று நின்று நோக்கவேண்டும். றை யாருடைய தானியம்? கோதுமை விளையாத மெலிந்த நிலத்திலும் குளிர்ந்த காலநிலையிலும் விளையும் றை, உழவரின் உணவாயிருந்தது. வெண்ணிறக் கோதுமைப் பாண் பிரபுக்களின் உணவாகவும், துறவியர் மடங்களின் உணவாகவும், வசதிபடைத்த நகரத்தாரின் உணவாகவும் இருந்தது. கரிய றைப் பாண் உழவனுக்குரியதாயிற்று. ஈரலிப்பான ஆண்டுகளில் ஏர்கொட் பெருகிற்று. முன்னைய விளைச்சலிற் கையிருப்பு உள்ளவன் புதுத் தானியத்தைக் காயவைத்து, தெரிந்து, கழித்து அரைப்பான். வரியும் குத்தகையும் கொடுத்துக் களஞ்சியம் வெறுமையாகியவன் அறுத்தவுடன் அரைத்து உண்பான். ஆகவே பூஞ்சணம் இயற்கையின் படைப்பாயினும், அது எவ்வுடலிற் புகவேண்டும் என்பதை நிர்ணயித்தது நிலமானிய உற்பத்தி உறவே. 'அந்தோனியார் தீ' ஒரு வர்க்கத்தின் நோய் எனக் கூறுவது மிகையாகாது.

இச்சபையினர் நோயாளருக்கு அளித்த பராமரிப்பு யாதெனப் பார்க்குமிடத்து இவ்வுண்மை மேலும் துலக்கம் பெறுகின்றது. புனிதரின் எலும்புகள்மீது வார்த்தெடுத்த திராட்சரசம் கொடுக்கப்பட்டது; மூலிகைத் தைலம் பூசப்பட்டது; அழுகிய அவயவங்கள் அறுத்தகற்றப்பட்டன. இவற்றோடு நல்ல கோதுமைப் பாணும் பன்றியிறைச்சியும் உணவாக வழங்கப்பட்டன. பலர் குணமடைந்தனர். இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு நோக்கின், அவர்களைக் குணப்படுத்தியது பெரும்பாலும் அந்தப் பாணே: நச்சுத் தானியம் நின்றது, நோயும் தணிந்தது. அதாவது மேல்வர்க்கத்தின் உணவைச் சில வாரங்கள் உண்டதாலேயே கீழ்வர்க்கத்தின் நோய் நீங்கியது. ஆனாற் புகழ் புனிதரையே சேர்ந்தது. அந்தோனியார் வனத்துச் சின்னப்பரைச் சந்திக்கும் காட்சியில், அவர்களின் காலடியில் மூலிகைச் செடிகளை ஓவியர் இனங்காணத்தக்க நுணுக்கத்தோடு வரைந்துள்ளார். அவ்விருவருக்கும் பாண் கொணரும் காகமும் மேலே காட்டப்பட்டுள்ளது. மருந்தும் பாணும் ஒரே படத்தில் இடம்பெறுகின்றன. மருந்து மண்ணில் முளைக்கிறது. பாணோ வானத்திலிருந்து வருகிறது. நிலமானியக் கருத்துநிலையின் இயல்பை இதனினும் எளிமையாக விளக்கிவிட முடியாது.

இப்பின்னணியிற் சிலுவைக் காட்சியை நோக்குவோம். உயரம் ஏறத்தாழ 2.7 மீற்றர், அகலம் 3 மீற்றருக்குச் சற்று அதிகம். பின்னணி முழுவதும் கரும்பச்சை இருள். நடுவே, செப்பமாகச் சீவப்படாத மரச்சிலுவை. அதன் குறுக்குமரம் உடலின் பாரத்தால் வில்லென வளைந்துள்ளது. ஆணியறைந்த கைகளின் விரல்கள் வானை நோக்கி விறைத்து விரிந்துள்ளன. சாட்டையடியின் முட்கள் தோலில் முறிந்து தங்கியுள்ளன. ஒவ்வொரு முள்ளைச் சுற்றியும் புண். உதடுகள் நீலம் பாரித்துள்ளன. இடப்புறத்தே வெண்துகில் அணிந்த மரியாள் அருளப்பரின் கையில் மூர்ச்சித்துச் சாய்கின்றாள். மரிய மதலேனாள் முழந்தாளிட்டு விரல்களைக் கோத்து நெரிக்கின்றாள். அவளருகே தைலச் செப்பு. வலப்புறத்தே ஸ்நாபக அருளப்பர் ஒரு கையில் நூலேந்தி, மறு கையின் நீண்ட சுட்டுவிரலாற் சிலுவையைக் காட்டி நிற்கின்றார். விவிலியக் கதைப்படி அவர் இந்நிகழ்ச்சிக்கு முன்பே தலை வெட்டுண்டு மாண்டவர். ஆகவே இது நடந்த நிகழ்ச்சியின் சித்திரிப்பன்று. பார்ப்போரை விளித்து 'இதோ நோக்குக' என்று கூறும் போதனையாகும்.

அவ்விரல் எதனைக் காட்டுகின்றது? அறிஞர் சமய உண்மையை என்பர். வைத்தியசாலையிற் கிடந்தவனுக்கோ அது தன்னுடலைக் காட்டியிருக்கும். புண், நிறமாற்றம், வீங்கிய பாதம், விறைத்த விரல் ஆகிய ஒவ்வொன்றும் அவன் தன் மேனியிலும் அடுத்த படுக்கையிலும் கண்டவை. கலைவரலாற்றாசிரியர் சிலர் பீடத்தின் பொறியமைப்பிலும் இத்தொடர்பினைச் சுட்டியுள்ளனர். சிலுவை சரியாக நடுவில் அமையாது சற்று வலப்புறம் ஒதுங்கியுள்ளமையால், கதவுகள் திறக்கப்படும்போது பிளவு கிறிஸ்துவின் உடலினூடாகச் செல்லாது ஒரு கையை உடலினின்றும் பிரிக்கின்றது. அடிப்பலகை திறக்கப்படும்போது கிடத்தப்பட்ட உடலின் கால்கள் பிரிகின்றன. கையும் காலும் அறுக்கப்பட்டவர்கள் நிறைந்த ஓரிடத்தில் இது தற்செயலாக நேர்ந்ததா, எண்ணிச் செய்யப்பட்டதா என்பது விவாதத்துக்குரியது. பார்த்தவர்கள் அதனைக் கவனியாதிருந்திருப்பர் என்று மட்டும் நம்ப முடியவில்லை.

இரண்டாம் நிலையில் உலகம் மாறுகிறது. உயிர்த்தெழும் கிறிஸ்துவின் மேனியிற் புண்ணில்லை. ஐந்து காயங்கள் மட்டும் ஒளிர்கின்றன. முகம் மஞ்சளும் செம்மஞ்சளும் கலந்த பெருவட்ட ஒளியிற் கரைந்துபோகின்றது. நோயாளியின் கைகால்களில் எரிந்த தீ இங்கே ஒளியாக மாற்றம் பெற்றுவிட்டது போலும். மரியாளும் குழந்தையும் உள்ள பலகையில் நாம் கவனிக்கவேண்டியவை வேறு. அவளருகே மரத்தொட்டியும், தொட்டிலும், மலசலக் கலமும் வைக்கப்பட்டுள்ளன. இறைவனின் தாய்க்குப் பக்கத்தில் மலசலக் கலம்! இத்தாலிய ஓவியர் எவரும் இதற்குத் துணிந்திருப்பாரென நாம் எண்ணவில்லை. இவை வைத்தியசாலையின் அன்றாடத் தட்டுமுட்டுகள். குழந்தையைச் சுற்றிய துணி கிழிந்த கந்தல். சிலுவையில் தொங்குபவரின் இடைத்துணியும் அவ்வாறே கிழிந்துள்ளது. இழிந்தவற்றைத் தெய்வத்துக்கு அருகிற் கொண்டுசென்ற இத்துணிவே கிறுனெவால்டின் யதார்த்தத்தின் உயிர்நிலை என்பது நமது கருத்து.

உள்நிலையில், அந்தோனியார் பேய்களாற் சோதிக்கப்படும் காட்சியின் இடப்புறக் கீழ்மூலையில் ஓர் உருவம் சாய்ந்து கிடக்கின்றது. தலையிற் சிவந்த முக்காடு, வயிறு பச்சைநிறமாய் உப்பியுள்ளது, மேனியெங்கும் கொப்புளங்கள், கை மூளியாய்ச் சூம்பியுள்ளது, பாதங்கள் மட்டும் நீர்ப்பறவையினுடையவைபோற் சவ்வு படர்ந்தவை. இது பேயா, நோயாளியா? இரண்டுமாம். எதிர்மூலையில் ஒரு தாளில், துன்புற்றபோது இயேசு எங்கே சென்றிருந்தார், காயங்களை ஆற்ற ஏன் வரவில்லை என்ற அந்தோனியாரின் முறையீடு எழுதப்பட்டுள்ளது. திருச்சபையின் புனிதரே எழுப்பிய வினாவாகையால் அது அனுமதிக்கப்பட்ட வினா. எனினும் அதே வினாவை மனதுக்குள் வைத்திருந்த உழவனுக்கு, அது ஒரு பீடத்தில் எழுத்தாகப் பொறிக்கப்பட்டிருந்தமை அற்பமான செய்தியன்று. அவன் எழுத்தறியாதவன் என்பது உண்மையே. இலத்தீனை வாசித்துப் பொருள் கூறும் உரிமை துறவியிடமே இருந்தது.

இனி, இப்பீடத்தில் உழவன் உழவனாகவே தோன்றும் இடம் எது எனத் தேடுவோம். பிறப்புக் காட்சியின் தொலைதூர மலைச்சரிவில் இடையர் சிலர் புள்ளிகளாய்த் தெரிகின்றனர். அதைவிட்டால் உள்ளகத்துச் சிற்பங்களில் மட்டுமே அவனைக் காணலாம். அரியணையில் வீற்றிருக்கும் அந்தோனியாரின் காலடியில் இரு சிற்றுருவங்கள் உள: சேவலைக் கொணரும் ஒரு கனவானும், பன்றிக்குட்டியைக் கொணரும் ஓர் உழவனும். இவ்விரு சிற்பங்களும் நெடுங்காலம் பீடத்தினின்றும் பிரிந்திருந்தவை. பன்றி இச்சபையின் சின்னம், அதன் வருவாயுமாகும். கழுத்தில் மணி கட்டிய இச்சபையின் பன்றிகள் ஊர்த் தெருக்களில் திரிந்து மேயும் உரிமை பெற்றிருந்தன. காணிக்கை, நன்கொடை, நிலவருவாய் என மடம் திரட்டிய செல்வமே நிக்கொலாசின் பொன்னுக்கும் கிறுனெவால்டின் வர்ணங்களுக்கும் விலைகொடுத்தது. இங்ஙனம் பீடத்தின் மிக உட்புற, மிக உயர்ந்த நிலையில் உழவன் கொடுப்பவனாக நிற்கின்றான். மிக வெளிப்புறத்தில் அவன் நோய் கிறிஸ்துவின் மேனியில் ஏறியிருக்கின்றது. கொடுப்பதற்கும் நோயுறுவதற்கும் இடையிலுள்ள காரணத் தொடர்பு, அதாவது கொடுத்ததனாலேயே அவன் கெட்ட தானியத்தை உண்ண நேர்ந்தது என்ற உண்மை, எந்தப் பலகையிலும் வரையப்படவில்லை. வரையப்பட்டிருக்கவும் முடியாது.

இவ்விடத்திற் கொச்சை மார்க்சியர் சிலர் அவசரப்பட்டு, அப்படியாயின் இது மக்களை மயக்கும் அபினியே, வேறென்ன என்று கேட்கக்கூடும். 1844இல் மார்க்ஸ் எழுதிய பகுதியில் அபினி பற்றிய தொடரை மட்டும் நினைவில் வைத்திருப்போர், அதற்கு முன்னர் அவர் மதத்தை மெய்யான துன்பத்தோடும் அத்துன்பத்துக்கு எதிரான குரலோடும் இணைத்துப் பேசுவதை மறந்துவிடுகின்றனர். இசன்ஹைமில் இவ்விரண்டும் ஒரே பலகையில் இருந்தன. அக்குரல் வெறும் கோட்பாட்டு ஊகமன்று என்பதற்கு அப்பிரதேசத்தின் வரலாறே சான்று.

1493ஆம் ஆண்டில், இசன்ஹைமிலிருந்து ஏறத்தாழ 45 கிலோமீற்றர் வடக்கேயுள்ள செலஸ்ரா நகரச் சூழலில் உழவரும் நகர ஏழைகளும் இரகசியமாகக் கூடிச் சதிக்கூட்டமொன்றை அமைத்தனர். அவர்களின் சின்னம் 'புண்ட்ஷூ', அதாவது தோல்வாரினாற் கணுக்காலிற் கட்டப்படும் உழவனின் பாதணி. குதிரைவீரரின் நெடுஞ்சப்பாத்துக்கு எதிராக அது உயர்த்தப்பட்டது. கடன்களை ஒழித்தல், திருச்சபை நீதிமன்றங்களின் அதிகாரத்தை நீக்குதல் முதலியன அவர்கள் கோரிக்கைகள். யூதரைக் கொள்ளையிடுதலும் அவற்றுள் ஒன்றாயிருந்தது. இயக்கத்தைப் போற்றுவோர் இதனை மறைத்தல் நேர்மையாகாது. சதி வெளிப்பட்டுத் தலைவர்கள் கொல்லப்பட்டனர். 1502இல் ஸ்பையர் ஆயரின் ஆட்சிப்பகுதியில் அது மீண்டும் எழுந்தது. 1513இல், கிறுனெவால்ட் இசன்ஹைம் பலகைகளில் வேலைசெய்துகொண்டிருந்த காலத்தில், றைன் நதிக்கு அப்பால் பிறைபேர்க் நகரருகிலுள்ள லேஹன் கிராமத்தில் மூன்றாவது முறையாக எழுந்தது. அதன் தலைவன் ஜோஸ் பிறிற்ஸ், கிராமத்து வயற்காவலன்.

ஜோஸ் பிறிற்ஸ் தன் இயக்கத்துக்கு ஒரு கொடி வேண்டுமெனக் கருதினான். அதனை எழுதித்தர ஓவியனொருவனைத் தேடிப் பெரிதும் அலைந்தான். அப்பகுதி ஓவியர் அஞ்சி மறுத்தனர். இறுதியில் ஹைல்புறோன் நகரில் ஒருவன் கிடைத்தான். கொடியில் எழுதப்பட்டது யாது? சிலுவையில் தொங்கும் கிறிஸ்து, அவர் முன் முழந்தாளிட்ட உழவன், அருகே உழவனின் பாதணி. ஒரே ஆண்டுகளில், இரண்டு நாள் நடைத்தொலைவுக்குள், ஒரே உருவம் இரு துணிபுகளோடு எழுதப்படுகின்றது. இசன்ஹைமிற் சிலுவை நோயாளியிடம் பொறுத்திரு என்கின்றது. லேஹனில் அதே சிலுவை எழுந்திரு என்கின்றது. சமயக் குறியீடுகள் தம்மளவிற் பிற்போக்கானவையோ முற்போக்கானவையோ அல்ல. அவை எவர் கையிலுள்ளன என்பதே வினா. 1850இல் ஏங்கெல்ஸ் ஜேர்மனிய உழவர் போர் பற்றி எழுதியபோது, அக்காலத்து வர்க்கப் போராட்டம் சமய மொழியிலேயே பேசவேண்டியிருந்தது என வலியுறுத்தினார். அம்மொழியின் சொற்களஞ்சியத்தில் இவ்வுருவமே தலையாயது.

லேஹன் சதியும் காட்டிக்கொடுக்கப்பட்டது. ஜோஸ் பிறிற்ஸ் தப்பியோடினான். 1524–25இல் உழவர் போர் தென் ஜேர்மனி முழுவதும் பரவியது. அல்சாசில் 1525 மே மாதம் லொறெயின் கோமகன் அந்துவானின் படை சவேர்ன் நகரிலும் ஷேர்வில்லரிலும் உழவரைப் பல்லாயிரக்கணக்கிற் கொன்று குவித்தது. செலஸ்ராவுக்கும் ஷேர்வில்லருக்கும் இடைத்தூரம் சில கிலோமீற்றரே.

இவற்றுள் ஓவியரின் நிலை யாது? 'கிறுனெவால்ட்' என்பது 1675இல் சன்ட்றாற் என்னும் நூலாசிரியர் தவறுதலாகச் சூட்டிய பெயர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆவணங்களை ஆராய்ந்தோர் அவர் பெயர் மத்திஸ் கொற்ஹாட் நிட்ஹாட் என்பதை வெளிப்படுத்தினர். அவர் ஓவியராக மட்டுமன்றி நீர்ப்பொறி வேலைகளும் அறிந்த கைவினைஞராயிருந்தார். மைன்ஸ் பேராயரின் அரண்மனையில் ஊழியம் செய்தார். 1514 முதல் அப்பதவியை வகித்த அல்பிறெக்ட், தன் பதவிக்காகப் பட்ட கடனை அடைக்கப் பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு அனுமதித்து, 1517இல் லூதரின் எதிர்ப்புக்கு உடனடிக் காரணமானவர். அவரைப் புனித எராஸ்முஸாகச் சித்திரித்து அணிகலன் மின்ன வரைந்ததும் இதே கைதான். ஆயினும் 1528இல் ஹாலே நகரில் அவர் இறந்தபின் எடுக்கப்பட்ட உடைமைப் பட்டியலிற் புதிய ஏற்பாடும், லூதரின் 27 பிரசங்கங்களும், வேறு லூதரிய வெளியீடுகளும் காணப்பட்டன.

உழவர் போருக்கு அடுத்த ஆண்டில் அவர் அரண்மனையை விட்டு நீங்கியமையும் இப்பட்டியலும் சேர்ந்து, அவரை உழவர் பக்கம் நின்ற புரட்சியாளராகக் காணும் ஆவலைப் பலரிடம் எழுப்பியுள்ளன. பட்டியலிலுள்ள 'பன்னிரண்டு உறுப்புகளின் விளக்கம்' என்னும் நூலை உழவரின் பன்னிரண்டு கோரிக்கைகளாகவே கொண்டோரும் உளர். அது கிறிஸ்தவ விசுவாசத்தின் பன்னிரண்டு உறுப்புகள் பற்றியது. மேலும் 1525இல் லூதர் உழவருக்கு எதிராகவே எழுதினார் என்பதை மறத்தலாகாது. அவருடைய பிரசங்கங்களை வைத்திருப்பவன் உழவரின் தோழன் என்று முடிவுகட்ட இயலாது. வெளிப்படையாகப் பக்கஞ்சார்ந்த கலைஞர் அக்காலத்தில் இருந்தனர். ஹெரன்பேர்க் பலிபீடத்தை வரைந்த ஜோர்க் றட்கெப் உழவரோடு சேர்ந்தமைக்காக 1526இல் நான்காகக் கிழித்துக் கொல்லப்பட்டார். வூர்ஸ்பேர்க்கின் மாபெரும் சிற்பி றீமென்ஷ்னைடர் 1525இற் சிறையிடப்பட்டுச் சித்திரவதைக்குள்ளானார். கிறுனெவால்டை இவ்வரிசையில் வலிந்து சேர்ப்பது அந்த இருவருக்கும் செய்யும் அநீதியாகும். அவர் ஓவியத்தின் பெருமைக்கு அத்தகைய வாழ்க்கைக் கதை தேவையுமில்லை. துன்பத்தை அழகுபடுத்த மறுத்த அவரது கையே, அவர் உணர்ந்திருப்பினும் இல்லாவிடினும், புரவலர் வேண்டியதற்கும் மேலாகச் சென்றுவிட்டது.

இம்மறுப்பு உருவத்திலும் காணப்படுகின்றது. இத்தாலியர் கண்டறிந்த தூரநோக்கு விதிகளை அவர் அறியாதவரல்லர். மங்கள வார்த்தைக் காட்சியின் தேவாலய உட்புறமே சான்று. சிலுவைக் காட்சியிலோ மதலேனாள் சிற்றுருவமாகவும் கிறிஸ்து பேருருவமாகவும் வரையப்பட்டுள்ளனர். முக்கியத்துவத்துக்கேற்ப அளவை நிர்ணயிக்கும் பழைய மத்தியகால முறை இது. இதனைப் பின்னடைவு என்று கூறும் பாடநூல்கள் உண்டு. நமக்கு அது ஏற்புடைத்தன்று. அளவான, சமநிலை பொருந்திய உடலென்பது வர்த்தக நகரங்களின் தன்னம்பிக்கை மிக்க வர்க்கத்தின் கனவு. உழவனின் அனுபவத்தில் வலி எல்லாவற்றிலும் பெரிது. அதற்குத் தூரநோக்கு விதி பொருந்தாது. வளர்ச்சி குன்றிய பிரதேசத்திற் பழைய உருவமொன்று புதிய உண்மையைச் சுமக்கும் ஆற்றல் பெறுவது கலை வரலாற்றில் அபூர்வமானதன்று.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறின், 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் இது நெடுங்காலம் அல்பிறெக்ட் டியூரரின் படைப்பென்றே கருதப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் மடத்தினின்றும் அகற்றப்பட்டுக் கொல்மார் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. 1853 முதல் அந்நகரின் உண்டர்லிண்டன் அரும்பொருளகத்தில் உள்ளது. 1871இல் அல்சாஸ் ஜேர்மனியின் வசமானபின் கிறுனெவால்ட் 'ஜேர்மனிய ஆன்மா'வின் ஓவியராக்கப்பட்டார். முதலாம் உலகப் போரின்போது, 1917இல், பலகைகள் மியூனிக்குக்கு எடுத்துச் செல்லப்பட்டன. 1918 நவெம்பர் முதல் 1919 செப்டெம்பர் வரை அங்குக் காட்சிக்கு வைக்கப்பட்டபோது மக்கள் யாத்திரைபோலத் திரண்டு வந்தனர். அவ்விடைக்காலத்திலேயே அந்நகரில் முடியாட்சி வீழ்ந்தது. 1919 ஏப்ரலில் சோவியத் குடியரசொன்று தோன்றி, மே மாதத் தொடக்கத்தில் இரத்த வெள்ளத்தில் அழிக்கப்பட்டது. போரிற் கைகால் இழந்தவர்கள் தெருவெங்கும் நிறைந்த அந்நகரில், நான்கு நூற்றாண்டுகளின் பின் இவ்வோவியம் தனக்குரிய பார்வையாளரை மீண்டும் கண்டது. தேசிய ஆன்மாவைத் தேடி வந்தோரும் அங்கிருந்தனர். அறுபட்ட அவயவத்தைக் கண்டோரும் இருந்தனர். ஒற்றோ டிக்ஸ் 1929–32இல் வரைந்த 'போர்' என்னும் பலகை ஓவியம் பலிபீட அமைப்பையே கைக்கொண்டு, அடிப்பலகையிற் கிறிஸ்துவின் உடலுக்குப் பதிலாகப் போர்வீரரைக் கிடத்தியது. ஹின்டெமித் உழவர் போரைப் பின்னணியாக்கி மத்திஸ் பற்றி இயற்றிய இசைநாடகத்துக்கு நாசி ஜேர்மனியில் மேடை கிடைக்கவில்லை. 1938இற் சூரிச்சிலேதான் அரங்கேறியது.

பலகைகள் 1919இற் கொல்மாருக்கு மீண்டன. 2018 முதல் 2022 வரை நடைபெற்ற துப்புரவுப் பணியில் மங்கிய மேற்பூச்சுகள் நீக்கப்பட்டு வர்ணங்கள் தெளிவு பெற்றுள்ளன. அரும்பொருளகத்திற் பலகைகள் இப்பொழுது ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே நிறுத்தப்பட்டுள்ளன. சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பொன்பூசிய அந்தோனியாரையும் பன்றிக்குட்டியோடு நிற்கும் உழவனையும் நுழைவுச்சீட்டு வாங்கிய எவரும் ஒரே நாளில், விரும்பிய வரிசையிற் சுற்றிப் பார்க்கலாம். கதவுகள் திறந்து மூடிய விதத்தைச் சுவரிலுள்ள சிறு மாதிரியுருக்களே விளக்குகின்றன. 1516இல் இசன்ஹைமுக்குத் தூக்கிவரப்பட்ட நோயாளி கண்டது மூடிய பீடத்தை. திறக்கும் நாள் எதுவென்பதை மடமே தீர்மானித்தது.